அப்பாவின் மொரிஸ் மைனரைக் கொண்டுபோய்விட்டார்கள், இனி என்ன செய்வது?

கல்லடி_வளவு எழுதியது:

வணக்கம். ஆடி அமாவாசை அன்று வீட்டில் எல்லோரும் மட்டக்களப்பு மாமாங்கம் தீர்த்தத்துக்குப் போய்விட்டோம். எங்கள் ஒழுங்கையே காலி என்று சொல்லலாம். மத்தியானம் திரும்பி வந்தால் கேற் சாத்தினபடி இருக்கிறது, பூட்டு மட்டும் இல்லை. கொட்டிலில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் பின் சில்லுக்கு முண்டு கொடுத்த இரண்டு தென்னங்குற்றியும்தான் மிச்சம். அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது, அவருக்குப் பிதிர்க்கடன் கழிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய காரைத் தூக்கியிருக்கிறார்கள், அதுதான் நெஞ்சுக்குள் நின்று அறுக்கிறது.

கார் 1958 மொரிஸ் மைனர் 1000, 948 சிசி, முன்கண்ணாடி ஒற்றையாக வந்த மாடல், 1 ஸ்ரீ இலக்கம். சாம்பல் நிறம். 78 சூறாவளியில் மாங்கொப்பு விழுந்து கூரையில் ஒரு பள்ளம், மெழுகியும் முழுதாக மறையவில்லை. சுனாமி வந்த காலை அப்பா இதில் ஊறணிக்குப் போயிருந்தபடியால் அவரும் தப்பினார், காரும் தப்பியது. இப்போதும் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் வரை ஒரு ஓட்டம் விட்டுக்கொண்டு வருவேன்.

அன்றைக்கே பொலிசுக்குப் போய் என்ட்ரி போட்டோம். எழுதியவர் முதலில் கேட்ட கேள்வி "ஓடுற காரா, சும்மா நிற்கிற காரா?" என்பது. அப்புறம் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். புத்தகம் கையில் இருக்கிறது, ஆனால் இன்னும் அப்பாவின் பெயரில். காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும்தான், ஆகவே அந்தப் பக்கம் ஒரு சதமும் வராது என்று தெரியும்.

இரண்டு கேள்வி. பொலிசுக்குச் சொன்னதற்கு மேல் நான் ஓடித்திரிந்து செய்யக்கூடியது என்ன? மற்றது, மச்சானிடமும் இதே மாதிரி ஒரு மைனர் நிற்கிறது, அவர் இப்போது இரவில் நித்திரை கொள்வதில்லை. இப்படிப் பழைய காருக்கு என்ன பாதுகாப்புச் செய்யலாம்? கண்டவன் திறப்பெல்லாம் அதற்குப் பொருந்தும் போல் இருக்கிறது.

கல்முனை_ஏ40 எழுதியது:

தம்பி, என்னுடைய ஒஸ்ரின் சொமர்செற் போய்ப் பத்தொன்பதாம் நாள் கிடைத்தது, அதனால் மனதை விடாதே. நீ முதலில் செய்ய வேண்டியது, போட்ட முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வாசித்துப் பார்ப்பது. என்னுடையதில் "பழைய கார் ஒன்று" என்றுதான் எழுதியிருந்தார்கள். நிறம்கூட இல்லை. எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், கூரைப் பள்ளம் எல்லாம் விழவில்லை என்றால் திரும்பப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுத்துச் சேர்த்துக்கொள். நாளைக்கு வேறு பிரிவில் ஒரு கார் பிடிபட்டால் இது உன்னுடையது என்று காட்ட அந்தக் கடதாசி ஒன்றுதான் இருக்கும். அந்தப் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுதிக் கொடு. தபாலை நம்பாதே, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து நாரஹேன்பிட்டியில் கையில் சேர்ப்பித்து முத்திரை குத்தின பிரதி வாங்கச் சொல். யாரும் பெயர் மாற்றப் போனால் அங்கே ஒரு தடையாவது இருக்கட்டும்.

படத்தை முகநூலில் போடு, ஆனால் எல்லா அடையாளத்தையும் கொட்டிவிடாதே. கூரைப் பள்ளத்தை இங்கேயே எழுதிவிட்டாய், சரி, போனது போகட்டும். உன் வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கும், அப்பா செய்த ஒரு ஒட்டு, ஒரு வெல்டிங், ஏதோ ஒன்று. அதை வாக்குமூலத்தில் எழுது, வெளியில் வாயே திறக்காதே. "கார் என்னிடம் இருக்கிறது, ஐம்பதாயிரம் போடு" என்று போன் வரும், கட்டாயம் வரும், எனக்கு மூன்று வந்தது. அந்த அடையாளத்தைக் கேள். சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதே. சொல்லத் தெரிந்தவன் வந்தால் நீ பேசாதே, இலக்கத்தைப் பொலிசிடம் கொடு.

பழைய இரும்புக் கடைகளுக்கு நீயே போ. போன் பண்ணினால் "இல்லை" என்பதோடு முடிந்துவிடும், நேரில் போனால் கண் பார்க்கும். முழுக் காரைத் தேடாதே. கதவு, பம்பர், விளக்கு வளையம், இருக்கைச் சட்டம், அப்படிப் பார். மைனருக்கு உதிரி எப்போதும் விலை போகும். இங்கிலாந்துக்காரர்களே ஒரு காலம் அதன் உதிரிகளை இலங்கையில் செய்வித்து எடுத்தார்கள் என்றால் பார்.

புத்தகம் அப்பாவின் பெயரில் இருப்பது பெரிய தலையிடி. கார் கிடைத்தால் உடனே உன் கையில் தரமாட்டார்கள். அது சான்றுப்பொருளாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், நீ உரிமையைக் காட்டிப் பிணைமுறியில்தான் எடுக்க வேண்டும். இப்போதே மரணச் சான்றிதழ், சகோதரங்களின் சத்தியக்கடதாசி எல்லாம் எடுத்து வை.

ஆரையம்பதி_ஸ்பேனர் எழுதியது:

மச்சானின் காருக்கு நான் சொல்கிறேன், நாற்பது வருடமாக இந்தச் சாமான்களுக்குள்தான் கை கிடக்கிறது.

திறப்பைப் பற்றிக் கவலைப்படுவதை விடுங்கள். பொனட்டைத் திறந்து ஒரு முழ வயர் போட்டால் இக்னிஷன் வந்துவிடும், அதற்குத் திறப்பே தேவையில்லை. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் எங்கள் பழைய ஆட்களின் பூட்டு. கட்டை விரலளவு சாமான், அது இல்லாமல் சாமி வந்தாலும் ஸ்ராட் ஆகாது. ஆனால் தினமும் ஓடுகிறவருக்கு இது அலுத்துப்போகும், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்.

அதைவிட எனக்குப் பிடித்தது பெற்றோல் பம்ப். மைனரில் எஸ்.யூ மின் பம்ப்தானே, இக்னிஷன் போட்டவுடன் டிக் டிக் என்று அடித்துக் காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் நிற்கும். அந்தப் பம்புக்குப் போகும் வயரை வெட்டி டாஷ்போட்டுக்குக் கீழே கை மட்டும் போகிற இடத்தில் ஒரு சுவிச் வையுங்கள். கள்ளன் ஸ்ராட் பண்ணுவான், காரும் எடுபடும், ஒழுங்கையைத் தாண்டுவான், காபரேற்றர் கிண்ணத்தில் கிடந்த பெற்றோல் தீர்ந்ததும் நடுச் சந்தியில் செத்துப்போய் நிற்கும். வளவுக்குள் நின்றால் அவன் ஆறுதலாக இருந்து தேடுவான். சந்தியில் நின்றால் இறங்கி ஓடுவான்.

இதெல்லாம் ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு. கல்லடியில் நடந்தது அப்படியில்லை என்று நினைக்கிறேன். குற்றியை எடுத்துவிட்டுத் தள்ளி வெளியே கொண்டுவந்து கன்ரர் லொறியில் ஏற்றித் தறப்பாள் போட்டிருப்பான். அதற்குச் சுவிச் ஒன்றும் செய்யாது, சில்லு உருளாமல் செய்ய வேண்டும். நிலத்துக்குக் கொங்கிறீற் போடும்போது அரை அங்குலக் கம்பியில் ஒரு வளையம் செய்து புதைத்து, பின் அச்சைச் சுற்றி அதோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். பம்பரில் கட்டுவது வீண், இரண்டு நட்டுக் கழற்றினால் கையோடு வரும். சங்கிலிக்குப் பழைய ரியூப் ஒன்றை உறை மாதிரி மாட்டினால் பெயின்ற் அடிபடாது.

ஜிபிஎஸ் பூட்டப் போகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். டைனமோவோடு வந்த மைனரில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில், அதாவது காரின் உடல் இரும்பில், பூட்டியிருக்கும், இன்றைய கார்களுக்கு மறுபக்கம். போன் கடைப் பையன் பழக்கத்தில் கறுப்பு வயரைப் பொடியில் முறுக்கிவிட்டால் கருவியே புகைந்துபோகும். சிவப்புத்தான் பொடிக்கு, கறுப்பு மைனஸ் பக்கத்துக்கு, கறுப்பில் ஒரு ஃபியூஸ். பெட்டி உலோகம் என்றால் ரப்பர் வைத்துப் பொடியில் முட்டாமல் கட்ட வேண்டும். யாராவது முன்பே மாற்றிப் பூட்டியும் இருக்கலாம், ஆகவே முதலில் பற்றரியில் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கிற காரில் ஜிபிஎஸ் பற்றரியை உறிஞ்சிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று, மைனருக்குத் தனி சேசிஸ் கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில்தான் கார் இலக்கம், அதைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். ஆகவே ஆசனத்துக்குக் கீழே, டிக்கியின் உட்பக்கம் என்று இரண்டு மூன்று இடத்தில் எண் பஞ்சால் உங்களுக்குத் தெரிந்த ஒரு இலக்கம் அடித்துப் படம் எடுத்து வையுங்கள்.

அக்கரை_காக்கா எழுதியது:

தம்பி, பூட்டு சங்கிலி எல்லாம் பிறகு பேசலாம். இந்தக் காரை அண்மையில் யார் வந்து விலை கேட்டது? அதை முதலில் யோசியுங்கள். அமாவாசைக்கு ஒழுங்கை காலியாகும் என்று தெரிந்து லொறியோடு வருகிறவன் வெளியூரான் மட்டும் இல்லை, உள்ளே ஒருவன் கைகாட்டியிருப்பான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து எங்கள் வாப்பாவின் பீஜோவைக் கேட்டு வாரம் ஒருவர் வந்தார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் அந்த வரத்து நின்றபாடில்லை. வாங்க வருகிறவனைத் தேத்தண்ணி கொடுத்துக் கொட்டில் வரை கூட்டிப்போய்க் காட்டுவது நம்முடைய பழக்கம். நான் இப்போது கேற்றடியிலேயே பேசி அனுப்பிவிடுகிறேன், வாப்பா இருந்திருந்தால் மரியாதை இல்லாதவன் என்று ஏசியிருப்பார்.

கல்லடி_வளவு எழுதியது:

காக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆனி மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நல்ல மரியாதையாகப் பேசினார், மற்றவர் பேசவே இல்லை, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். காரின் பக்கத்தில் இருந்து எழும்பும் கைகாட்டி வேலை செய்கிறதா என்று கேட்டு ஏற்றி இறக்கியும் பார்த்தார். நானும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன், மடையன். பக்கத்துக் கடையின் சிசிரிவியில் அந்த மாதப் பதிவு அழிந்துவிட்டது. அமாவாசை அன்றையது இருக்கிறது, பிரதி எடுத்துப் பொலிசில் கொடுத்திருக்கிறேன். நீலத் தறப்பாள் போட்ட கன்ரர் ஒன்று 10.40க்குப் போகிறது, இலக்கத் தகட்டில் சேறு.

பாடுமீன்_பாலம் எழுதியது:

சேறு பூசியிருந்தாலும் லொறியின் பின்பலகையில் எழுதின வாசகம், ஸ்ரிக்கர், உடைந்த விளக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார். இலக்கத்தைவிட அது சில நேரம் உதவும். பெரிய வீதியால் வெளியே போவதென்றால் வடக்கே வாழைச்சேனைப் பக்கம், செங்கலடியால் பதுளை வீதி, தெற்கே கல்முனை, இவ்வளவும்தான். அந்தந்தச் சந்திக் கடைகளில் கெமரா இருக்கும். தாமதிக்காதே, பழைய பதிவின் மேல் புதியது விழுந்து அழிந்துவிடும்.

கல்லடி_வளவு எழுதியது (ஆறு கிழமைக்குப் பிறகு):

கார் கிடைத்துவிட்டது. முழுதாக இல்லை.

கல்முனை அண்ணன் சொன்னபடி ஒரு அடையாளத்தை நான் இங்கே எழுதவில்லை, இப்போது சொல்லலாம். இந்தக் காரில் திரும்பும்போது பக்கத்தில் இருந்து எழும்புகிற கைகாட்டிதான், மினுக்கும் விளக்கு இல்லை. இடப்பக்கக் கைகாட்டியின் கண்ணாடி நான் சின்னப் பையனாக இருந்தபோது உடைந்தது. அப்பா தோடம்பழ நிறத்தில் ஒரு பல் பிரஷின் பிடியைத் தேடி வாங்கி, அராவி அராவி மெல்லிதாக்கி அதில் ஒட்டினார். பிடியில் தொங்கவிடுகிற ஓட்டை பாதி வட்டமாக அதன் நுனியில் இன்னும் தெரியும். போன கிழமை விற்பனைப் பக்கம் ஒன்றில் "மைனர் கைகாட்டி ஒரு சோடி, ஒறிஜினல்" என்று ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த அரை வட்டம். கை நடுங்கிவிட்டது. வாங்குகிற மாதிரிப் பேச நினைத்து, அப்புறம் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, பேசாமல் பொலிசுக்கே கொண்டுபோனேன். வாக்குமூலத்தில் அது முன்பே எழுதியிருந்தபடியால் அவர்களும் உடனே எழும்பினார்கள்.

விற்றவனைப் பிடித்துப் போய் அம்பாறைப் பக்கம் ஒரு கொட்டிலில் காரைக் கண்டெடுத்தார்கள். காபரேற்றர், டைனமோ, விளக்குகள், நான்கு சில்லு இல்லை. இலக்கத் தகட்டையும் கழற்றிவிட்டார்கள். எஞ்சின் இருக்கிறது, கூரைப் பள்ளமும் இருக்கிறது. ஆனி மாதம் வந்த இருவரில் பேசாதவர்தான் அந்த விற்பனைப் படத்தை எடுத்தவராம், மற்றதெல்லாம் வழக்கில் இருப்பதால் இங்கே எழுதவில்லை.

இப்போது கார் சான்றுப்பொருளாக வெட்டவெளியில் நிற்கிறது. தங்கச்சி கனடாவில், அவளுடைய சத்தியக்கடதாசி ரொறன்ரோத் துணைத்தூதரகத்தில் உறுதிப்படுத்தி வர வேண்டும், அடுத்த தவணை ஐப்பசியில். அதற்குள் மாரி தொடங்கிவிடும். தறப்பாள் கொண்டுபோய் மூட விடுவார்களா?

கல்முனை_ஏ40 எழுதியது:

கேட்டுப் பார், எனக்கு விட்டார்கள். எழுத்தில் கேள், பொறுப்பானவரின் கையொப்பத்தோடு. ஆனால் பொடியோடு ஒட்ட மூடாதே, உள்ளே வேர்த்து ஒரு மாரியிலேயே தரை உக்கிவிடும். நாலு கம்பு நட்டு மேலே பந்தல் மாதிரிக் கட்டு, கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவிடு. காபரேற்றர் கழற்றின வாயைத் துணியால் அடைத்துவிடு, தண்ணீர் இறங்கினால் எஞ்சினும் போய்விடும்.