வால்வு மாற்றிய பிறகும் பி0091 வருகிறது: கோளாறு வயரிங்கிலா, இ.சி.எம்-மிலா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் இன்ஜின் கொண்ட ஒரு பிக்கப். கொடைக்கானல் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி இறக்கும் வண்டி என்பதால் மலைச்சாலையிலேயே அதிகம் ஓடுகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சாலை மோசமாக இருக்கும் இடங்களில் திடீரென அணைந்துவிடுகிறது. சற்று நேரம் கழித்துச் சாவி போட்டால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் பி0091 என்ற கோளாறு எண் மட்டும் பதிவாகியுள்ளது. பட்டறையில் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கித் தரும் குழாய்) முனையிலுள்ள பிரஷர் ரெகுலேட்டர் வால்வைப் புதிதாக மாற்றினார்கள். சில நாட்களிலேயே அதே எண் திரும்பி வந்ததால், இப்போது இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது என்கிறார்கள். நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் வால்வின் சுருள் 2.9 ஓம் காட்டுகிறது. கனெக்டரைக் கழற்றிச் சாவி போட்டால் சப்ளை வயரில் 12.4 வோல்ட் வருகிறது. இரண்டும் சரியென்றால், மிச்சம் இருப்பது இ.சி.எம். மட்டும்தானா?

மறுமொழி 1

இ.சி.எம்-மைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் ஐயா. முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்றால் பி0087 வரும், அளவுக்கு மீறினால் பி0088 வரும். அவை வந்திருந்தால் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டரின் ரிட்டர்ன் கசிவு என்று வேறு வழியில் தேட வேண்டியிருக்கும். உங்களுக்கு வந்திருப்பதோ ரெகுலேட்டரின் மின்சுற்றைப் பற்றியது. பி0090 பொதுவாகச் சுற்று அறுந்திருப்பதையும், பி0091 கட்டுப்பாட்டு வயரில் வோல்டேஜ் குறைவதையும், பி0092 அது கூடுவதையும் குறிக்கின்றன. டீசலைப் பற்றிய புகாரே இதில் இல்லை.

பெரும்பாலான வண்டிகளில் இந்த வால்வுக்கு இரண்டே வயர்கள்தான். ஒன்று மெயின் ரிலே, ஃபியூஸ் வழியாக வரும் 12 வோல்ட் சப்ளை, மற்றதை இ.சி.எம். விநாடிக்குப் பல நூறு முறை எர்த்தோடு இணைத்தும் விடுவித்தும் வால்வுக்குள் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. விடுவிக்கும் கணத்தில் சப்ளை வோல்டேஜ் சுருள் வழியாக அந்தக் கட்டுப்பாட்டு வயருக்கு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் இ.சி.எம். அதைக் 'குறைவு' என்று பதிவு செய்யக்கூடும். ஆகவே கட்டுப்பாட்டு வயர் எங்காவது பாடியில் உரசி எர்த் ஆனாலும் இந்த எண் வரலாம், சப்ளையே நடுவில் விட்டுப்போனாலும் வரலாம்.

நீங்கள் பார்த்த 12.4 வோல்ட்டை இப்போதைக்கு நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது என்பதால், வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் முழு வோல்டேஜைக் காட்டிவிடும்; வால்வோ ஓர் ஆம்பியர் அளவில் கேட்கும்போது அந்த இழையால் கொடுக்க முடியாது. அதனால் சுமை கொடுத்து அளக்க வேண்டும். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, கழற்றிய கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் இணையுங்கள், அது 1.75 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பல்பு எரியும்போதே பேட்டரி வோல்டேஜையும் அந்தப் பின்னின் வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம். எரியவிட்டபடியே வயரிங் கட்டை ஓரோர் இடமாக அசைத்துப் பார்ப்பது இன்னும் முக்கியம், ஏனெனில் உங்கள் கோளாறு நின்ற இடத்தில் வருவதில்லை.

ஓர் எச்சரிக்கை: மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கனெக்டரின் துளைக்குள் அழுத்திச் செருகாதீர்கள். உள்ளேயிருக்கும் மெல்லிய தகடு விரிந்துவிட்டால், இல்லாத கோளாற்றை நாமே உண்டாக்கியதாகிவிடும். அதே அளவுள்ள ஆண் டெர்மினல் ஒன்றில் வயர் பிடித்துச் செருகுங்கள்.

மறுமொழி 2

இவ்வளவு தேடுவதற்குப் பதிலாக, பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்துச் சப்ளை கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா? சில வண்டிகளில் அப்படிச் செய்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 1

ஓடும், ஆனால் செய்யக்கூடாது நண்பரே. ஃபியூஸ் இல்லாத வயர் பாடியில் உரசினால் தீப்பிடிக்கும். மேலும் அது பழைய சப்ளை வயரோடு சேர்ந்திருந்தால், அந்தக் கிளையிலுள்ள மற்ற பாகங்களும் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும். கோளாறான இடத்தைக் கண்டுபிடிக்காமல் சுற்றிப் போனால், அதே கட்டில் ஓடும் மற்ற வயர்களின் நிலையும் தெரியாமல் போய்விடும்.

மறுமொழி 3

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கேனர் 'பிரஷர் ரெகுலேட்டர்' என்று சொன்னாலும், சில வண்டிகளில் அது பம்பின் மேலுள்ள, பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் குறிக்கிறது. ரெயில் முனையிலும் ஒரு வால்வு இருந்தால் தவறானதை மாற்றிவிட வாய்ப்புண்டு. உங்கள் மாடலின் வயரிங் வரைபடத்தில் வயரின் நிறத்தையும் பின் எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது. ஓடும் இன்ஜினில் கனெக்டரைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ரெயில் வால்வைப் பிடுங்கினால் அழுத்தம் விழுந்து இன்ஜின் நின்றுவிடும், பம்பிலுள்ள வால்வு மின்சாரமின்றித் திறந்தே நிற்கும் வகையாக இருந்தால் அழுத்தம் எகிறிவிடும். இத்தகைய ரெயில்களில் 1600 பார் வரைக்கும் அழுத்தம் போகும் என்பதால், இன்ஜின் ஓடும்போது அந்தப் பைப்புகளின் நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேட்டவர்

வரைபடத்தில் பார்த்துவிட்டேன், என் வண்டியில் அது ரெயில் முனை வால்வுதான். பல்பு போட்டதும் முதலில் பிரகாசமாகவே எரிந்தது, பேட்டரியைவிட 0.3 வோல்ட்தான் குறைவு. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வயரிங் கட்டு ஓர் இரும்புப் பிராக்கெட்டின் மேல் வளைந்து போகும் இடத்தில் கையால் தூக்கியதும் பல்பு மங்கி, 6 வோல்ட்டுக்கு இறங்கியது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால், வெளியே தெரியும் பக்கம் உறை நன்றாகவே இருக்கிறது; கிளிப்புக்கு அடியில் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, மூன்று நான்கு இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைப் பற்றவைத்தால் போதுமா?

மறுமொழி 1

அந்த இடத்தில் இன்ஜினின் அதிர்வு ஓயாது. ஈயம் உறிஞ்சிய வயர் விறைத்து, பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடி முறியக்கூடும். பச்சை பூத்த பகுதி முழுவதையும் வெட்டியெடுத்து, பளபளக்கும் செம்பு தெரிகிற இடத்திலிருந்து அதே தடிமனுள்ள வயரை, உட்புறம் பசை உள்ள, சூட்டில் சுருங்கும் உறையோடு கூடிய கிரிம்ப் இணைப்பால் (நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) சேருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். அதே கிளிப்புக்குள் போகும் மற்ற வயர்களையும் விரலால் தடவிப் பாருங்கள். ரெயில் பிரஷர் சென்சாரின் வயர் அங்கே போனால் அடுத்து பி0190 வரிசை எண்கள் வரத் தொடங்கும். கட்டை பிராக்கெட்டிலிருந்து சற்று விலக்கி, நெளிவுக் குழாய் போட்டுக் கட்டிவிடுங்கள்.

முடித்ததும் பல்புச் சோதனையை மீண்டும் செய்து, அசைத்தாலும் வோல்டேஜ் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கோளாறு எண்ணை அழித்து, இன்ஜின் சூடேறும்வரை ஓட்டி, ஸ்கேனரில் இ.சி.எம். கேட்கும் அழுத்தத்தையும் ரெயிலில் உள்ள அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவனியுங்கள். சப்ளையும் கட்டுப்பாட்டு வயரும் சுமையில் தேறிய பிறகும் பி0091 வந்தால் மட்டுமே இ.சி.எம். பற்றிப் பேச வேண்டும்.

கேட்டவர்

சொன்னபடியே வயரை மாற்றிவிட்டேன். வேறொரு வயரிலும் உறை தேய்ந்திருந்தது. செம்பு வெளியே வரவில்லை, உறை போட்டுவிட்டேன். ஐடிலில் இரண்டு அழுத்தங்களும் 300 பார் அருகில் ஒன்றாகவே நகர்கின்றன. மலையேறி இறங்கிய பிறகும் எண் வரவில்லை. பட்டறையில் கழற்றிய பழைய வால்வும் 2.8 ஓம்தான் காட்டுகிறது, அதை வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முனையில் தூசி போகாதபடி சுத்தமான பையில் கட்டி வையுங்கள். திரும்பப் பொருத்த நேர்ந்தால், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். சில வகைகளில் கழற்றிய வால்வை மறுபடி போடக் கூடாது என்றே விதி. இடம் தந்தாலும் பழைய ஓ-ரிங்கையும் சீல் வாஷரையும் போடாமல் புதியவை வாங்கிப் போடுங்கள்.