எட்டு வழிச்சாலைத் தீர்ப்பில் பாதியை விழுங்கியது யார்?

சூரமங்கலத்தான்:
செய்தியில் அரசியல் சாய்வைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஜெயா, கலைஞர், மக்கள் போன்ற கட்சி சார்ந்த தொலைக்காட்சிகளை ஒதுக்கிவிட்டு, மற்ற செய்திச் சேனல்களைப் பார்த்தால் உண்மை கிடைத்துவிடும்.

பூலாவரியான்:
இப்படி எழுதுவதைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கட்சித் தொலைக்காட்சி யார் பக்கம் பேசும் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் குறைவு. 2020 டிசம்பர் 8 அன்று சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை வழக்கில் தீர்ப்பு வந்தபோது, நீங்கள் நம்பச் சொல்லும் சேனல் ஒன்றில் ‘எட்டு வழிச்சாலைக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி’ என்ற வரிதான் திரும்பத் திரும்ப ஓடியது. நிலம் எடுப்பதற்கான அறிவிக்கை செல்லும் என்ற அதே தீர்ப்பு, வருவாய்ப் பதிவேடுகளில் நெடுஞ்சாலை ஆணையத்தின் பெயருக்குச் செய்த மாற்றம் செல்லாது, அதைப் பழையபடி திருத்த வேண்டும் என்றும் சொன்னதே, அந்தப் பாதி எங்கே போயிற்று?

சூரமங்கலத்தான்:
ஓடும் வரியில் பத்துச் சொற்களுக்கு மேல் அடங்காது ஐயா. மேல்முறையீட்டில் முக்கியமானது அனுமதிதான், அதைப் போட்டார்கள். நிலம் போகிற ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சதியாகப் பார்க்கிறீர்கள்.

பூலாவரியான்:
ஆத்திரம் இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் ‘பதிவேடு மாற்றம் ரத்து’ என்பது மூன்றே சொற்கள். இடம்தான் காரணம் என்றால், அன்றிரவு ஒரு மணி நேர விவாதத்திலாவது அதைச் சொல்லியிருக்கலாம். நெறியாளர் எடுத்த எடுப்பிலேயே ‘வளர்ச்சியை ஏன் எதிர்க்கிறார்கள்?’ என்று கேட்டார். சாலைதான் வளர்ச்சி என்ற முடிவை அந்தக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்ட பிறகு, எதிரில் இருப்பவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் வளர்ச்சிக்கு எதிரியாகத்தான் தெரிவார். சாலை போகும் ஐந்து மாவட்டங்களிலிருந்து ஒரு விவசாயியைக்கூட உட்கார வைக்கவில்லை. 2018 ஜூனில் அளவுக்கல் நட்டபோதும் இதே கதைதான்: தென்னைக்கு நடுவே கல்லை இறக்குவதையும், ஒரு பெண் அதிகாரியிடம் கைநீட்டிப் பேசுவதையும் காட்டினார்கள், அவர் பேசியது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, மேலே இசைதான் ஓடியது. நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், நாங்கள் அந்த வயலில் நின்றோம்.

சேர்வராயன் மகள்:
நீங்கள் இருவரும் சமவெளிச் சாலையை விட்டு நகர மாட்டீர்கள். எங்கள் ஏற்காடு மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு மட்டும்தான் செய்தியில் வருகிறது. பாக்சைட் வெட்டிய குழிகளைப் பற்றி எந்தச் சேனல் வாய் திறக்கிறது? சொல்லாமல் விடுவதும் சாய்வுதான்.

சூரமங்கலத்தான்:
அம்மா, மலைக் கதையைத் தனியாக எழுதுங்கள். பூலாவரியாருக்கு ஒரு கேள்வி: சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று நிலம் எடுப்பை ரத்து செய்தபோது உங்களுக்குப் பிடித்த சேனல்கள் பட்டாசு வெடித்ததைக் காட்டினவே, மேல்முறையீட்டுக்கு வழியுண்டு என்று எத்தனை பேர் சொன்னார்கள்? அப்போது பாதிச் செய்தி உங்களுக்கு இனித்தது.

பூலாவரியான்:
எனக்குப் பிடித்த சேனல் எது என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர்கள் செய்ததும் தவறுதான் என்பதால் உங்கள் ஆட்கள் செய்தது சரியாகிவிடாது. கட்சிகள் ஒளிபரப்பில் இருக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-இல் பரிந்துரைத்தது, இன்றுவரை அது சட்டமாகவில்லை. சட்டமே ஆகியிருந்தாலும், கட்சிப் பெயர் இல்லாத சேனலில் இந்தப் பாதித் தீர்ப்பு ஓடியிருக்கும். இணையத்தில் இன்னும் மோசம், ‘நிலம் பறிபோனது’ என்றே ஒருவர் தலைப்புப் போட்டார். செல்லும் என்று தீர்ப்பு சொன்ன அந்த அறிவிக்கை நிலம் எடுக்கும் நோக்கத்தைத் தெரிவிப்பது மட்டுமே. அதற்குப் பிறகுதான் ஆட்சேபம் கேட்க வேண்டும், அது முடிந்து அடுத்த அறிவிப்பு வந்தால்தான் நிலம் கைமாறும். சட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர் போட்ட தலைப்பை எங்கள் ஊர்க் கிழவர்கள் நம்பி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார்கள்.

சேர்வராயன் மகள்:
மலைக்காரர்கள் பேசினால் மட்டும் தனியாக எழுதச் சொல்வது நல்ல வழக்கம்.

சூரமங்கலத்தான்:
மறுபடியும் சொல்கிறேன், பத்துச் சொற்களுக்கு மேல் அடங்காது.

பூலாவரியான்:
மறுபடியும் கேட்கிறேன், அந்த மூன்று சொற்கள் ஏன் அடங்கவில்லை?