புதுப்பிப்பு: கூட்டுப் பட்டா பங்காளியைத் தேடும் வழி

கூட்டுப் பட்டாவில் (பலர் பெயரில் சேர்ந்திருக்கும் நிலப் பட்டா) கையெழுத்துப் போட வேண்டிய பங்காளியை வாக்காளர் அட்டை எண் வைத்து வாக்காளர் பட்டியலில் தேடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அவருடைய அட்டை எண் தெரியாதவர்களுக்கு இது.

பட்டியலில் பெயரை வைத்துத் தேடும்போது நம் நீலகிரியில் பலர் சறுக்குவது சட்டமன்றத் தொகுதியில்தான். கோத்தகிரிக்குத் தனித் தொகுதி கிடையாது, குன்னூர் என்று போடுங்கள், பந்தலூருக்குக் கூடலூர். போஜன், மாதன் என்ற பெயர்கள் ஹட்டிக்கு ஹட்டி (படுகர் ஊர்) உண்டு. அதனால் தகப்பனார் பெயர் கட்டாயம் வேண்டும். அது பட்டாவிலேயே இருக்கும்: வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்துப் பட்டாவை இணையத்தில் பாருங்கள். வாக்காளர் தேடலில் ஆள் வரவில்லையென்றால் போஜனை ‘போசன்’ என்றும் போட்டுப் பாருங்கள்.

ஆதார் எண்ணால் ஆளைப் பிடிக்க முடியாது. இணையத்தில் எண்ணைச் சரிபார்த்தால் தெரிவது வயது வரம்பு, பாலினம், மாநிலம், கைபேசியின் கடைசி 3 இலக்கம், அவ்வளவுதான். வாக்காளர் தேடலில் பாக எண் (பட்டியலில் அவர் பெயர் உள்ள பகுதியின் எண்) கிடைத்ததும் அந்தப் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் விசாரியுங்கள். தயவுசெய்து யாருடைய எண்ணையும் இங்கே பதிவிடாதீர்கள்.