காரைக்குடிப் பக்கத்து வெயிலில் டாஃபோடில் பூக்குமா?

கோட்டையூர் மீனா:
எல்லோருக்கும் வணக்கம். அம்மா அக்கா வீட்டுக்கு வேல்ஸ் போயிருந்தார், மார்ச் மாதம் அங்கே சாலையோரம், பூங்கா என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள் டாஃபோடில்தானாம், அவர்கள் நாட்டுப் பூவே அதுதானாம். ஊர் திரும்பியதில் இருந்து நம் வீட்டிலும் அதைப் பூக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறார். எங்கள் பக்கம் செம்மண்ணும் சரளையும்தான், பின்கட்டில் கிணற்றடியில் கொஞ்சம் நிழல் உண்டு. அக்கா அடுத்த முறை வரும்போது பெட்டியில் கிழங்கு போட்டு எடுத்து வருகிறேன் என்கிறாள். எப்போது நடுவது, எவ்வளவு ஆழத்தில் வைப்பது, தண்ணீர் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை சுப்பு:
மீனா, முதலில் அக்காவிடம் கிழங்கு எடுத்துவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து நடவுக் கிழங்கு கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், 2003ஆம் ஆண்டு ஆணை அப்படித்தான் இருக்கிறது, நம் பயிருக்கு நோய் வரக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம் அது. இங்கேயே ஆன்லைனில் விற்கிறார்கள். வந்ததும் அழுத்திப் பாருங்கள், கெட்டியாகக் கனமாக இருக்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

அப்புறம் முக்கியமான விஷயம் மண் இல்லை, குளிர். டாஃபோடில் கிழங்குக்குள் பூ மொட்டு முன்பே உருவாகி இருக்கும், ஆனால் 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் தண்டு ஒழுங்காக நீண்டு அந்த மொட்டு வெளியே வரும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது, அதனால் நேரே கிணற்றடியில் நட்டால் வெறும் இலைதான் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது. ஃப்ரிட்ஜ்தான் வழி. சின்னத் தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவில் கலந்து, கிழங்கின் நுனி மண்ணுக்கு வெளியே லேசாகத் தெரியும்படி நெருக்கமாக வைத்து, ஈரம் காட்டித் தொட்டியோடு உள்ளே வையுங்கள், குளிரிலேயே வேர் பிடிக்கும். வெறும் கிழங்காக வைப்பதைவிட இது நல்லது. ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

புரட்டாசி பிறந்ததும் வைத்தால் மார்கழிக் கடைசியில் எடுக்கலாம், தை மாதம் பூ வரும். தள்ளிப்போட்டு மாசி வெயிலில் மாட்டினால் மொட்டு விரியாமலே காய்ந்துவிடும்.

கோட்டையூர் மீனா:
ரொம்ப நன்றி அண்ணே. ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைக்கலாமா? வீட்டில் எப்போதும் வாழைப்பழம், ஆப்பிள் எல்லாம் இருக்கும்.

குன்னூர்வாசி (சொந்த ஊர் கண்டனூர்):
பழத்தோடு வைக்காதீர்கள். பழுக்கும் பழத்தில் இருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். அதைவிடப் பெரிய கவலை வேறு: இந்தக் கிழங்கு அச்சாக வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் லைகோரின் என்ற நஞ்சு உண்டு, தெரியாமல் குழம்பில் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, வீட்டில் சமைக்கிற எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். கிழங்கின் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கழுவிக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்ததும் உடனே வெயில் காட்டாமல் சில நாள் நிழலான இடத்தில் வைத்து, பிறகு காலை வெயில் மட்டும் படும்படி முற்றத்து ஓரத்துக்கு மாற்றுங்கள். மண் காயாமல் தண்ணீர், தேங்கினால் அழுகும். இங்கே மலையில் நாங்கள் தரையிலேயே கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நட்டு, பூ முடிந்தபின் இலையை வெட்டாமல் ஆறு வாரமாவது தானாக மஞ்சளாகும்வரை விடுவோம், அடுத்த ஆண்டுக்கான உணவை இலைதான் கிழங்குக்கு அனுப்புகிறது. உங்கள் ஊரில் பங்குனி வெயில் அந்த இலையைப் பொசுக்கிவிடும், ஆகவே ஒரு பருவப் பூ என்றே வாங்குங்கள். பேப்பர்வொயிட் என்று வெள்ளையாக, கொத்தாக, வாசனையோடு ஒரு வகை இருக்கிறது, அதற்குக் குளிர் தேவையே இல்லை, கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட கிண்ணத்திலேயே நாலைந்து வாரத்தில் பூத்துவிடும். மஞ்சள்தான் வேண்டும் என்று அம்மா சொல்லாவிட்டால் அதில் ஆரம்பிக்கலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
மீனா, அம்மா ஆசைக்குத் தொட்டியில் வை, நல்லா வரட்டும். ஆனால் கிணற்றடியைச் சும்மா விடாதே ஆத்தா. ஆனி, ஆடியில் நிலச்சம்பங்கிக் கிழங்கு நடு, பிரஜ்வல் என்று பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் விட்ட ரகம் கிடைத்தால் அதையே வாங்கு, மூன்று மாதம் போலப் பொறுத்தால் பூக்க ஆரம்பித்துவிடும், ஒரு தடவை நட்டால் இரண்டு மூன்று வருஷம் பறிக்கலாம். மர நிழல் அதற்கு ஆகாது, வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து வை. நிழல் பக்கத்து ஓரத்தில் ரெயின் லில்லி வை. கோடையெல்லாம் கிடக்கிற இடம் தெரியாது, ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளிலேயே வரிசையாகப் பூத்து நிற்கும், உரம்கூடக் கேட்காது. என் வீட்டுப் பின்கட்டில் நிறையப் பெருகிக் கிடக்கிறது, ஆள் அனுப்பினால் தோண்டித் தருகிறேன்.

கோட்டையூர் மீனா:
ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் ஆச்சி, பை எடுத்து வருகிறேன். சுப்பு அண்ணே, தொட்டி எத்தனை அங்குலம் இருந்தால் ஃப்ரிட்ஜ் தட்டில் அடங்கும்?

தேவகோட்டை சுப்பு:
6 அங்குலத் தொட்டி போதும், ஐந்து கிழங்கு பிடிக்கும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.