பாய்மரக் கப்பலில் கேடட் பயிற்சி: இன்னும் தேவையா, வெறும் பந்தாவா?

கோபி_குமார்:
நேற்று இங்கே ஒருத்தர் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பல் 'ஈகிள்' படத்தைப் போட்டிருந்தார். அழகுதான். 1936-இல் ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் கட்டியது, போர் முடிந்ததும் 1946-இல் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. ஆனால் ரேடார், ஜி.பி.எஸ். எல்லாம் வந்தபிறகும் பயிற்சிக்கு வருகிற கேடட் பசங்களைக் கயிறு இழுக்க வைப்பது பந்தா இல்லாமல் வேறென்னங்க?

பெருந்துறை_மாலுமி:
தம்பி, அந்தக் கப்பல் வந்த கதையைப் பாருங்க. 1932-இல் 'நியோபே' என்ற ஜெர்மன் பயிற்சிக் கப்பல் திடீர்க் காற்றில் சில நிமிடத்தில் கவிழ்ந்து 69 பேர் போய்விட்டார்கள். பாய்க்கப்பலே வேண்டாம் என்று விட்டார்களா? மறுவருடமே, சாய்ந்தாலும் நிமிர்கிற மாதிரி அடியில் நல்ல எடை வைத்து 'கோர்ஷ் ஃபோக்' கட்டினார்கள். அதே அச்சில் கொஞ்சம் பெரிதாக வந்ததுதான் ஈகிள். 1945-இல் கோர்ஷ் ஃபோக்கை ஜெர்மன்காரர்களே மூழ்கடித்தார்கள், ரஷ்யர்கள் அதைத் தூக்கி 'தோவாரிஷ்' என்று பெயர் வைத்துத் தங்கள் கேடட்டுகளை ஏற்றினார்கள். ஜெயித்தவன் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடவில்லை, பாருங்க.

கோபி_குமார்:
இலவசமாகக் கிடைத்தால் யார் விடுவாங்க! 1957-இல் சரக்கோடு கேடட்டுகளையும் ஏற்றிப்போன ஜெர்மன் பாய்க்கப்பல் 'பாமிர்' மூழ்கி 86 பேரில் 80 பேர் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் கேடட்டுகள். அதற்கப்புறமும் மேற்கு ஜெர்மனி 1958-இல் புதிதாக ஒரு கோர்ஷ் ஃபோக் கட்டியது. அதைப் பழுதுபார்க்க முதலில் 1 கோடி யூரோ என்றார்கள், 2021-இல் முடித்தபோது 13.5 கோடி.

திருப்பூர்_நளினி:
குமார் அண்ணா, பாமிர் ஏற்றிப்போனது மூட்டை கட்டாத பார்லி. உதிரியாக மக்காச்சோளம் கொட்டின லாரி திம்பம் கொண்டை ஊசியில் திரும்பினால் என்ன ஆகும்? புயலில் சரக்கு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதைப் பயிற்சியின் தலையில் கட்டாதீங்க. 2025-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் மோதின மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பலும் அப்போது பாய் விரித்து ஓடவில்லை.

பெருந்துறை_மாலுமி:
அம்மணி சொல்வது சரி. நம்ம இந்தியக் கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பல் 'தரங்கிணி' 1997-இல் கோவாவில் கட்டி வந்தது, 2003-04-இல் உலகத்தையே சுற்றியது. பாயைச் சுருட்ட மேலே ஏறினால் குறுக்குமரத்துக்குக் கீழே தொங்குகிற ஒற்றைக் கயிற்றில்தான் கால். பக்கத்தில் இன்னொருத்தன் அதே கயிற்றில் ஏறினால் உங்கள் கால் வெடுக்கென்று மேலே போகும், அதனால் குரல் கொடுக்காமல் எவனும் கால் வைக்கக்கூடாது. இதை எந்தக் கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பீங்க?

கோபி_குமார்:
கடலே இல்லாத நம்ம கோவையில் 'அக்ரணி' என்ற பயிற்சி நிலையம் வைத்துக் கடற்படைக்காரர்களுக்குத் தலைமைப் பயிற்சி தருகிறார்களே, அது மட்டும் எப்படிங்க?

பெருந்துறை_மாலுமி:
அங்கே வருகிறவன் ஏற்கெனவே கடலில் வேலை பார்த்தவன் தம்பி. நாம் பேசுவது இன்னும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பையனைப் பற்றி.

கோபி_குமார்:
சரிங்கண்ணா. அந்த 13.5 கோடிக்கு மட்டும் இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை.