ஜலாஷ்வா கடல்நீரை உள்ளே விட்டும் மூழ்காதது எப்படி?

கேள்வி:
2020 ஜூன் மாதம், பெருந்தொற்றுக் காலத்தில் கொழும்பில் சிக்கியிருந்த என் சித்தப்பா, இந்தியக் கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவில்தான் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அதன் பின்புறக் கதவைத் திறந்து, கடல்நீரை உள்ளே விட்டுப் படகுகளை இறக்குவார்கள் என்று மாலுமி ஒருவர் அவரிடம் சொன்னாராம். நீர் புகுந்த கப்பல் மூழ்காமல் நிற்பது எப்படி? கப்பலே கரைக்குப் போக முடியாதா?

பதில் 1:
நீர் கப்பல் முழுவதும் பரவுவதில்லை. பின்பகுதியில் நீளமான கூடம் ஒன்று உண்டு. அதன் தளம் வழக்கமாகக் கடல் மட்டத்துக்கு மேலேயே இருக்கும். படகுகளை இறக்கவேண்டிய நேரத்தில், கப்பலின் அடியிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிப் பின்பகுதியைத் தாழ்த்துகிறார்கள். கதவு திறந்ததும் கூடத்துக்குள் மட்டும் நீர் ஏற, வீரர்களையும் வாகனங்களையும் கரைக்குக் கொண்டுசெல்ல உள்ளே நிற்கும் நான்கு தரையிறங்கு படகுகளும் மிதந்து, சுமையோடு தாமாகவே வெளியே செல்கின்றன. மற்ற அறைகள் நீர்புகாதபடி மூடியிருப்பதால், கப்பலைத் தாங்கப் போதிய மிதப்பாற்றல் எஞ்சியிருக்கும். வேலை முடிந்ததும் தொட்டிகளை வெறுமையாக்கினால் கப்பல் மீண்டும் உயர்ந்துவிடும்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஜலாஷ்வாவால் கரையேற முடியாது. ஏறத்தாழ 17,000 டன் எடையுள்ள அக்கப்பலுக்கு ஆழமான நீர் வேண்டும். ஐராவத் போன்ற சிறிய கப்பல்களே மணலில் முகப்பை ஏற்றி, முன்கதவைத் திறந்து டாங்கிகளை இறக்குகின்றன. அவை கரையை நெருங்கும்போதே பின்நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, திரும்பும் வேளையில் அதன் சங்கிலியை இழுத்துத் தம்மை விடுவித்துக்கொள்ளும் முறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஆனால் கரையின் சரிவு பொருந்தாவிட்டால் அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. கரையில் நிற்கும்வரை எதிரியின் குறிக்கும் எளிதில் ஆளாகும். தொலைவில் நின்றபடியே படகுகளையும் ஹெலிகாப்டர்களையும் அனுப்ப முடிவதுதான் ஜலாஷ்வாவின் உண்மையான வலிமை.

பதில் 3:
இதன் வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1971-இல் அமெரிக்கக் கடற்படையில் 'டிரெண்டன்' என்ற பெயரில் சேர்ந்த இக்கப்பல், 2007-இல் இந்தியாவுக்கு வந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது, துறைமுகங்கள் சிதைந்த கரைகளுக்குப் பெருமளவில் நிவாரணம் கொண்டுசெல்லத்தக்க கப்பல் நம்மிடம் இல்லாத குறை வெளிப்பட்டது. அதன் பிறகே இது வாங்கப்பட்டது. ஏறத்தாழ 1,000 வீரர்களுக்கான இடவசதி இருந்ததால்தான், 2020 மே மாதம் மாலத்தீவிலிருந்து 698 பேரை ஒரே பயணத்தில் கொச்சிக்கு அழைத்துவர முடிந்தது. இதே வகையில் நான்கு கப்பல்கள் வாங்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருக்க, ஐம்பது வயதைக் கடந்த ஒரே கப்பலின் மீது இவ்வளவு பொறுப்பையும் சுமத்தியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.