ஊர் கூடித் தொடங்கியது இப்போதும் நடக்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்வயல்:

மரம் நட்ட அன்று எடுத்த படம் எல்லாரிடமும் இருக்கும். நான் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததை. குப்பை, தண்ணீர், விதை, ஏதோ ஒன்றுக்காக உங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு தொடங்கியிருப்பீர்கள். அது இரண்டு மூன்று வருஷம் கழித்தும் நடக்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், செலவுக்கு என்ன வழி, சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள்? அதைச் சொன்னால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் கதை விதை. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா நடத்திய நெல் திருவிழாவுக்கு அப்பா என்னையும் அழைத்துப் போனார். அங்கே பாரம்பரிய விதைநெல் 2 கிலோ கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அப்பா வாங்கியது மாப்பிள்ளைச் சம்பா. ஆள் உயரத்துக்கு வளரும், யூரியா போட்டால் சாய்ந்துவிடும், ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். பக்கத்து வயல்காரர்கள் ‘இதெல்லாம் எதுக்குய்யா’ என்றுதான் கேட்டார்கள். வைக்கோலைப் பார்த்த பிறகு மாடு வைத்திருந்த இரண்டு பேர் மட்டும் பேச்சை மாற்றினார்கள்.

மறு வருஷம் விதையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் காட்டுயாணம் என்ற நெல் ரகத்தைக் கொண்டுவந்திருந்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் ஒன்று தெரிந்தது. இங்கே தர வேண்டியதைத் தந்தது போக, அவர் ஊரிலும் சில பேருக்கு அதே நிபந்தனையில் கொடுத்திருந்தார். ‘நமக்கு யாரோ குடுத்தாங்க, நாமளும் குடுக்கணும்ல’ என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் செய்தது, எங்கள் ஊரில் விதை வாங்குகிறவர்கள் பெயரை எழுத ஒரு நோட்டு போட்டதுதான்.

2018 டிசம்பர் 6 ஜெயராமன் ஐயா இறந்துபோனார். செய்தி வந்த அன்று எங்கள் ஊரில் அந்த விதை எடுத்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் விதை கைமாறிக்கொண்டிருக்கிறது. சங்கம் என்று எதுவும் கிடையாது. நோட்டு இப்போது அத்தையிடம் இருக்கிறது. விதையை நன்றாகக் காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் கட்டிவைப்பதும் அவர்தான். தையில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சிலரால் திருப்பித் தர முடியாது, அவர்கள் பெயரை அத்தை அடிக்க மாட்டார், அடுத்த வருஷத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். திருப்பித் தர வேண்டும் என்ற அந்தக் கடன்தான் இத்தனை வருஷமாக இதைத் தாங்குகிறது என்று நினைக்கிறேன். இலவசமாகக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் சோறாக்கிச் சாப்பிட்டிருப்பார்கள்.

மாம்பலம்வாசி:

எங்கள் தெருவில் தொடங்கிவைத்தது 2019 கோடைதான். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடின காலம். மழைநீர் சேகரிப்பு 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆகிவிட்டதே, குழாய் எங்கே என்று பார்த்தால், குழாய் இருந்தது. ஆனால் கீழே குழி மண் அடைத்துக் கிடந்தது, சில வீடுகளில் குழாயைக் கொண்டுபோய் நேராகத் தெருச் சாக்கடையில் விட்டிருந்தார்கள். பதினாறு வருஷமாக யாருமே திறந்து பார்க்கவில்லை.

இப்போது புரட்டாசி வந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தெரு முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைக் கூட்டி, குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவித் திரும்பப் போடுகிறோம். இரண்டு வீடுகளில் பழைய கிணறு இருக்கிறது, சுற்று வீடுகளின் மாடித் தண்ணீரும் வடிகட்டி அதற்குள்தான் போகிறது. கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறோம். வேறு எந்தப் பிரசாரத்தையும்விட அந்த எண்தான் ஆட்களை அழைத்துவருகிறது. போன தடவை இருந்ததைவிட ஏறியிருக்கிறது என்றால் மறு வருஷம் கூப்பிடாமலே வருகிறார்கள்.

குப்பை வேறு மாதிரி. பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள், எங்கள் தெருவில் பாதி வீடுகள் பிரித்தன, பாதி இல்லை. பெருங்குடி குப்பைமேடு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 2022ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. நம் வீட்டுச் சாம்பார் மிச்சமும் வாழைப்பழத் தோலும் அங்கே போய்ப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அழுகுவதற்கு எந்த அவசியமும் இல்லை. அதனால் ஒரு குடியிருப்பின் பின்பக்க மூலையில் உரத்தொட்டி வைத்தோம். முதல் மாதமே நாற்றம் என்று பஞ்சாயத்து. காய்ந்த இலை போதவில்லை என்பதுதான் காரணம். தெருவில் தூங்குமூஞ்சி மரம் கொட்டுகிற சருகைச் சாக்கில் கட்டிவைத்து, ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர் தெளிப்பது என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கிளறுவது என்றுதான் இருந்தது. பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று ஒவ்வொருவராக விட்டு நின்றே போனது. நெல்வயல் சொல்கிற மாதிரி கடன் உணர்வு எங்கள் தெருவில் வேலைக்கு ஆகவில்லை. எல்லா வீட்டிலும் மாதம் ஒரு தொகை வாங்கி, ஒரு அக்காவுக்கு அதைச் சம்பளமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இது ஒழுங்காக நடக்கிறது. உரம் விற்ற காசும் அவருக்கே. குப்பை எடுக்க வரும் மாநகராட்சித் தொழிலாளர் ஒருவர் ஒருநாள் நின்று பேசினார். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தனியாகத் தாளில் சுற்றித் தருகிற தெரு இது ஒன்றுதான், இங்கே மட்டும் கை கிழிபடுவதில்லை என்றார். கிணற்று எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

தையல்காரி:

மாம்பலம்வாசி, அந்த அக்காவுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் வீட்டுக்குள்ளே பிரிப்பது யார்? பால் கவரைக் கழுவிக் காயப்போடுவது, மிச்சத்தைத் தனியாக எடுத்துவைப்பது, பை எடுத்துக்கொண்டு போவது எல்லாம் பெண்கள் தலையில்தான் விழுகிறது. தெருக்கூட்டத்தில் மைக் பிடிப்பது ஆண்கள். இதைப் பேசாமல் எந்த ஏற்பாடும் நீடிக்காது என்று அடித்துச் சொல்வேன்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம், மகளிர் குழுவாகத் துணிப்பை தைக்கிறோம். 2021 கடைசியில் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று அறிவித்த பிறகு ஆர்டர் வந்தது உண்மை. ஆனால் நான் சொல்ல வந்தது தம்ளர் விஷயம். 2019 ஜனவரி 1ல் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்களே, கொஞ்ச நாள் கடையில் கண்ணில் படவில்லை, அப்புறம் காதுகுத்து, வளைகாப்பு, எதற்குப் போனாலும் இலைக்குப் பக்கத்தில் பழையபடி பிளாஸ்டிக் தம்ளர்தான். குழுச் சேமிப்பிலிருந்து எவர்சில்வர் தம்ளர், தட்டு, ஜக்கு எல்லாம் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தோம். புதிய யோசனை ஒன்றும் இல்லை, முன்னால் கோயிலில் அண்டாவும் குண்டானும் வாடகைக்கு எடுத்தவர்கள்தானே நாம்.

முதல் விசேஷத்தில் சமையல் மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பந்திக்குள் கழுவி முடியாது, ஆள் இல்லை, எனக்குக் கெட்ட பெயர் வரும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாடகையோடு கழுவுகிற கூலியையும் சேர்த்தே பேசுவது, குழுவிலிருந்து இரண்டு பேர் போய்க் கழுவி அடுக்கித் தருவது என்று மாற்றினோம். தம்ளர் குறைந்தால் அதற்கு ஒரு விலை, அதை முதலிலேயே சீட்டில் எழுதிவிடுவோம், அதில் தாட்சண்யம் பார்ப்பதில்லை. அந்த மாஸ்டர் இப்போது அவராகவே எங்கள் நம்பரைக் கொடுத்து அனுப்புகிறார். கழுவப் போகிற இரண்டு பேரில் ஒருவர் இனி ஆணாக இருக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகிறேன். எங்கள் வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைமடைக்காரன்:

பேராவூரணி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. எத்தனை வருஷத்து மரம். புதிதாக நட்டுக் காய் பறிக்கிறவரை நெல்லைத்தான் நம்ப வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தாலும் கல்லணை வந்து, புதாறு என்கிற கல்லணைக் கால்வாயில் இறங்கி, மேலே உள்ளவர்கள் எல்லாரும் எடுத்தது போக எங்களுக்கு வர வேண்டும். கடைமடை என்றால் அதுதான். ஏரி நிறைந்திருந்தால் பிழைப்போம். ஏரியோ தூர்ந்து கிடந்தது.

மறு வருஷம் கடைமடை விவசாயிகள் அமைப்பான கைஃபாவின் இளைஞர்கள் பேராவூரணி பெரியகுளத்தில் இறங்கினார்கள். 564 ஏக்கர். ஊர்க்காரர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள், முகம் தெரியாதவர்கள் என்று பலர் கொடுத்த பணத்தில் இயந்திரம் ஓடியது. நான் கரையில் நின்று பார்த்தவன். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, வண்டலை அள்ளிக் கரையைப் பலப்படுத்தி, நடுவில் பறவைகளுக்குத் திட்டு அமைத்து மரக்கன்று வைத்தார்கள். இது முடியும் என்று எங்கள் கண்ணால் பார்த்ததுதான் பெரிய விஷயம்.

அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ச் சின்ன ஏரியையும் எடுத்தோம். காசுக்கு என்ன வழி என்றால், எங்கள் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும், விருந்து வைத்து மொய்ப் பணம் வாங்குவது. யார் எவ்வளவு போட்டார் என்று நோட்டில் ஏறும், அவர் வீட்டு விருந்தில் திரும்பச் செய்தாக வேண்டும். அதே பழக்கத்தில் ஏரிக்கும் ஒரு நோட்டு போட்டோம். டீசலுக்கு இன்னார் இவ்வளவு, டிராக்டர் இன்னார், மதகுக்குச் சிமெண்டு இன்னார். பணம் இல்லாதவர்கள் ஆள் வேலையாக எழுதிக்கொண்டார்கள். ஏரி நிறைந்தால், அதன் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் ஏரிக்கணக்கில் சேர வேண்டும், அடுத்த வருஷ மராமத்து அதிலிருந்து.

சண்டை வந்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்து வாய்க்காலைத் தூர்த்துத் தென்னை வைத்திருந்தவர் எனக்கே பங்காளி. போய்ப் பேசினால் அரிவாளை எடுக்காத குறை. அவர் மாமனாரை அழைத்துவந்தோம், அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது சிறுவனாக மீன் பிடித்தவர். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, வாய்க்கால் போன தடத்தை நடந்தே காட்டினார். கஜாவுக்குத் தப்பி நின்ற மூன்று மரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டார் பங்காளி. மரத்தைச் சுற்றி வாய்க்காலை லேசாக வளைத்துக் கொண்டுபோனோம். வளைவில் கரை அரிக்கிறது, வருஷா வருஷம் கல் அடுக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, அடுக்குகிறோம்.

கவனமாக இருக்க வேண்டியது இரண்டாம் வருஷத்தில்தான். கருவேலம் விதையிலிருந்து மறுபடி முளைக்கும், ஆடுமாடு நெற்றைத் தின்று சாணியில் விதையைப் போடும். சிறுசாக இருக்கும்போதே கையால் பிடுங்காவிட்டால் திரும்பவும் இயந்திரம்தான். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் அந்த வேலையை ஊர்க்கட்டுப்பாடாகவே வைத்துவிட்டோம்.

கண்மாய்க்கரை:

நான் சிவகங்கை மாவட்டம். கொள்ளுகுடிப்பட்டி வழியாகத் தீபாவளியன்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது ஊரில் ஒரு வெடிச் சத்தம் இல்லை. வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் அங்கே கண்மாயில் கூடு கட்டியிருக்கும், அதனால் தலைமுறையாக வெடிப்பதில்லை. சின்னப் பையன் ஒருவனிடம் ‘ஆசையா இல்லையாடா’ என்று கேட்டேன். ‘குஞ்சு விழுந்துரும்ல’ என்று சொல்லிவிட்டு மத்தாப்பைக் காட்டினான். பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரம் குறைவாகவே போதும் என்று அவன் தாத்தா சொன்னார். அங்கே நோட்டும் இல்லை, சம்பளமும் இல்லை, ஊரே பார்த்துக்கொள்கிறது.

நெல்வயல்:

கடைமடைக்காரன் அண்ணே, ஏரிக்கணக்கு நெல்லை எப்படி அளக்கிறீர்கள்? மரக்காலா, மூட்டையா? விளையாதவர்களுக்கு என்ன விதி? எங்கள் ஊர்க் குளத்துக்கும் இதைப் பேச வேண்டும் என்று அத்தை சொல்கிறார். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடிந்தால், பெயர்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். பதிலுக்கு உங்கள் பக்கத்துக்கு மாப்பிள்ளைச் சம்பா 2 கிலோ எடுத்துவைத்திருக்கிறேன், நிபந்தனை உங்களுக்குத் தெரியும். தையல்காரி அக்கா, குளத்து வேலை நடக்கிற அன்று சாப்பாட்டுக்கு இங்கேயும் தம்ளர், தட்டு வேண்டும். மொத்தமாக வாங்கும்போது எத்தனை கிராம் தம்ளர் நெளியாமல் தாங்குகிறது என்று எழுதுங்கள்.